அப்பாவின் பை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் காலை அப்பா கக்கூஸுக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரமாகியும் திறக்கவில்லை. வயிற்றில் மேலிருந்து கீழாக இருபத்திரண்டு கிளிப். மயக்கம் போட்டு விழுந்திருப்பாரோ என்று பயந்து தட்டினோம். "போங்க கண்ணு, நானே பாத்துக்கறேன்" என்று மட்டும் குரல் வந்தது. கடைசியில் கதவு திறந்தபோது அவர் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வயிற்றில் ஒட்டியிருந்த பை பாதி பிரிந்து தொங்கியது. லுங்கி, தரை, சுவர் எல்லாம் மலம். சீமாறால் அதைத் தள்ளித் தள்ளிக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். "உள்ள வராதீங்க. உங்களுக்கு எதுக்கு இது?"

அண்ணனும் தங்கையுமாக நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்றோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அவர் தடுத்ததால் மட்டும் நிற்கவில்லை, குமட்டியது. எங்களில் ஒருவர் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தோம். அதே ஆள்தான் போன மாதம் ஒரு கல்லூரிக் கூட்டத்தில் மலக்குழி மரணங்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டு வந்தவர்.

அப்பா நகராட்சியில் 35 ஆண்டுகள் துப்புரவுப் பணியாளர். 1984-இல் தினக்கூலியாகச் சேர்ந்தபோது ஊரில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. பின்சந்து வழியாகப் போய், தகரத்தால் வழித்து, வாளியில் எடுத்துவர வேண்டும். பிறகு செப்டிக் டேங்க், பிறகு பாதாளச் சாக்கடை, மூங்கில் பிளாச்சு. 1993-இல் உலர் கக்கூஸையும் கையால் மலம் அள்ளுவதையும் தடை செய்து சட்டம் வந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2013-இல் இரண்டாவது சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாளன்று அது நடைமுறைக்கு வந்தது. அப்போதும் அவர் சாக்கடைக்குள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார். 2019-இல் ஓய்வு பெற்றார். வீட்டுக்கு வரும்போது சந்து முனைக் குழாயிலேயே குளித்துவிட்டு வருவார். எங்களைத் தூக்கியதில்லை. சின்ன வயதில் அதற்காக அவர்மேல் எங்களுக்குக் கோபம் இருந்தது.

இப்போது இருக்கும் வாடகை வீட்டில் "அப்பா நகராட்சியில் வேலை பார்த்தவர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மேடையில் 'நாங்கள் யார் தெரியுமா' என்று முழங்கும் எங்களுக்கு வீட்டு ஓனரிடம் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அதை இங்கே மறைப்பதில் அர்த்தமில்லை.

நடந்தது இதுதான். நாலு நாளாக வயிறு இறங்கவில்லை, உப்பிக்கொண்டே போனது, பிறகு வாந்தி. வாயுதான் என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பெருங்குடலின் கடைசிப் பகுதியைக் கட்டி அடைத்திருக்கிறது என்றார்கள். அன்றிரவே அறுவை. கட்டியிருந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மேல் குடலின் நுனியை இடது வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். மலம் அதன் வழியாகப் பையில் விழும். கொலாஸ்டமி. சில மாதங்கள் கழித்து உடல் தேறினால் திரும்ப உள்ளே சேர்த்துவிடலாம், சேர்க்க முடியாமலும் போகலாம் என்றார் டாக்டர். அறுவைக்குக் காசு வாங்கவில்லை. பைதான் பிரச்சினை. கையில் இரண்டு கொடுத்துவிட்டு மற்றதை வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்று இருநூற்றைம்பது ரூபாய். அது ஒழுங்காக ஒட்டினால் நாலு நாள் வரும். எங்களுக்கு முதல் வாரத்தில் ஆறு பை போனது.

அம்மாவை மட்டும் அப்பா அனுமதித்தார். அது இயல்பாகத்தான் நடந்தது, நாங்களும் இயல்பாகவே ஒதுங்கிக்கொண்டோம். அம்மா முழங்கால் வலியோடு கீழே உட்கார்ந்து பையைக் காலி செய்வார், கழுவுவார், மறுபடி ஒட்டுவார், எழுந்து கஞ்சி காய்ச்சப் போவார். ஐந்தாம் நாள் அம்மா சமையலறையிலிருந்தபடியே, யாரையும் பார்க்காமல், "ஊர்ப் பீய அவரு அள்ளுனாரு. அவரு பீய நான் அள்ளறேன். நீங்க போயி கூட்டம் போடுங்க" என்றார். குத்திக்காட்டும் பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. கால் வலியில் வந்த வார்த்தை. ஆனால் அதற்குப் பிறகு எங்களால் மொபைலைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார முடியவில்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் பேசினோம். இனி நாங்கள் செய்கிறோம் என்றோம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "உங்களப் படிக்க வெச்சது எதுக்கு? இந்தக் கையால பீயத் தொடக்கூடாதுன்னுதான? கடைசில எம் பீயவே அள்ள வெக்கறதா?"

எங்களிடம் பதில்கள் தயாராக இருந்தன. இழிவு செய்பவனிடம் இல்லை, செய்யவைப்பவனிடம் இருக்கிறது. தீட்டு என்பது கற்பிதம். உழைப்பு வேறு, சாதி அந்த உழைப்பைப் பிறப்போடு கட்டிவைப்பது வேறு. எல்லாம் சரியான வாக்கியங்கள்தான். அவரிடம் சொல்லிப் பார்த்தோம், நிஜமாகவே. "அதெல்லாம் கூட்டத்துல சொல்லு கண்ணு" என்றுவிட்டார்.

யோசித்துப் பார்த்தால், நம் இயக்கங்களுக்கு மலம் என்றால் ஒரே ஒரு மொழிதான் தெரிந்திருக்கிறது. அது வன்கொடுமையின் மொழி. அதற்குக் காரணம் இருக்கிறது. 2002-இல் திண்ணியத்தில் நம்மவர்களை மலம் தின்னவைத்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கிடந்தது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படம் 2017-இல் வந்தபோது ஊர் ஊராகத் திரையிட்டோம், பார்த்தவர்கள் சோறு சாப்பிட முடியாமல் எழுந்து போனார்கள். அந்தக் குமட்டலைத்தான் நாமும் விரும்பினோம், அதிலிருந்து கோபம் பிறக்கும் என்று. சரிதான், பிறந்தது. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் ஒரு மனிதனின் மலத்தை முகம் சுளிக்காமல் துடைத்து விடுவதற்கு, அதை வேலை என்றோ தலையெழுத்து என்றோ நினைக்காமல் செய்வதற்கு, அந்த மொழியில் சொல் ஒன்றும் இல்லை. அப்பாவிடமும் இல்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகள் பெற்றவர்களுக்கு இதைச் செய்தால் 'என்ன கொடுத்துவைத்தவர்' என்று ஊர் சொல்லும். எங்கள் வீட்டில் அது தோல்வியாகத் தெரிகிறது. தொழில் ஓய்வூதியத்தோடு முடிந்துவிடவில்லை, அப்பா பிள்ளைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில், 1929-இல் காத்தியாவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவிக்கு நடந்ததைப் பதிவு செய்கிறார். பிரசவித்துச் சில நாளில் அந்தப் பெண்ணுக்கு உடம்பு மோசமாகிறது. டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். பச்சை உடம்புக்காரியை வெளியே கொண்டுவந்து காட்டச் சொல்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம் கொடுக்கிறார், கணவன் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. நாடி பிடிக்கவில்லை. அந்தப் பெண் இறந்துபோனாள். மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது நாங்கள் எப்போதும் அந்த டாக்டரைப் பற்றித்தான் பேசுவோம். இந்த ஆறு வாரத்தில் அந்தக் கணவன்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தார். தெர்மாமீட்டரை வைத்த கை, நெற்றியில் இருந்த கை அவருடையது. அவளைத் தொட்ட ஒரே கை.

அப்பா எப்படி இளகினார் என்றால் வாதத்தால் அல்ல. பை ஒழுகியதால்.

எட்டாம் நாள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் எங்களிடம் விட்டார். எங்களில் இளையவள் யூடியூபைப் பார்த்துப் பார்த்து ஒட்டினாள். அரை மணியில் பிரிந்து வந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று, "ஈரத்து மேல ஒட்டற, எப்பிடிப் புடிக்கும்? பைப்பு ஜாயிண்டு போடறப்ப மொதல்ல தொடைக்கோணும். ஓட்ட அளவு பாரு, இவ்ளோ பெருசா வெட்டுனா சைடுல இறங்காதா?" என்றார். அதன்பின் படுத்தபடியே மேஸ்திரி வேலை பார்த்தார். இதைப் பிடி, அதை அழுத்து, விடாதே, இன்னும் கொஞ்ச நேரம். அவர் சொன்னது அத்தனையும் சரி. கழிவு எந்தப் பக்கம் ஓடும், எங்கே அடைக்கும், எங்கே கசியும் என்று இந்த ஊரில் அவருக்குத் தெரிந்ததுபோல் எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. அந்த அறிவுக்கு இத்தனை வருஷத்தில் யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை. மூன்றாவது பை ஐந்து நாள் தாங்கியது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதுகிறோம். வெளியே தெரியும் அந்தக் குடல் நுனி, ஸ்டோமா, உதட்டின் உள்பக்கம் போலச் சிவப்பாக ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, பயப்பட வேண்டாம். சுற்றியுள்ள தோல்தான் வெந்துபோகும். அதனால் பிளேட்டில் துளையை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். முதல் சில வாரங்களில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும், ஆகவே அடிக்கடி அளவெடுக்க வேண்டும். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். எண்ணெய், பவுடர் போட்டால் ஒட்டாது. ஒட்டிய பின் உள்ளங்கையை மேலே வைத்து அழுத்தியிருந்தால் அந்தச் சூட்டில் பிடித்துக்கொள்ளும். பையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததுமே காலி செய்துவிட வேண்டும், இல்லையென்றால் கனத்தில் இழுத்துவிடும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்கவே கூடாது. ஸ்டோமா கறுத்தாலோ, எதுவும் வெளியே வராமல் வயிறு உப்பி வாந்தி வந்தாலோ காத்திருக்கக் கூடாது. சாப்பாடு முதலில் கஞ்சி, குழைந்த சாதம், மோர். முட்டைக்கோஸ், பயறு எல்லாம் மெதுவாகப் பிறகு. அப்பா பத்தாம் நாளே மாட்டுக்கறி கேட்டார். மூன்றாவது வாரம், நன்றாக வேகவைத்து, இரண்டு துண்டு கொடுத்தோம். மற்றவை இருக்கட்டும், அன்றுதான் அவர் தேறிவிட்டார் என்று எங்களுக்குத் தோன்றியது.

மேலே சொன்னதில் பழைய பையை என்ன செய்வது என்பதைச் சொல்லவில்லை. எங்களுக்கும் அது தோன்றவில்லை. முதல் வாரம் ஆறையும் கேரிபேக்கில் போட்டு முடிச்சிட்டு, மற்ற குப்பையோடு காலையில் வரும் வண்டிக்குக் கொடுத்துவிட்டோம். வீட்டு ஓனர் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. வண்டியோடு வருபவர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி அக்கா. கையுறை சில நாள் இருக்கும், பல நாள் இருக்காது. அவர் அந்த முடிச்சுகளை அவிழ்த்து, கையால் தரம் பிரிப்பார்.

அப்பாவுக்கு இது தெரியவந்தது, பை எங்கே போகிறது என்று அவரே கேட்டபோது. சொன்னோம். அவர் எங்களைத் திட்டியதே கிடையாது. அன்று திட்டினார். "அந்தப் புள்ள கையில எம் பீயக் குடுத்தீங்களா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிப்போம் என்று பேனர் எழுதிய அதே கைகள்தான் அந்த முடிச்சையும் போட்டவை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மலக்குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியதை அன்றே பதிவாகப் போட்டவர்கள் நாங்கள். நாப்கின், டயப்பர் போன்ற கழிவுகளைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதும் எங்களுக்குத் தெரியும், கூட்டத்தில் சொல்லியிருக்கிறோம்.

இப்போது பையை முழுக்கக் கக்கூஸில் காலி செய்கிறோம். உள்ளே தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசுகிறோம். செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே சிவப்பு மையால் பெரிதாக ஒரு குறுக்குக் கோடு போடுகிறோம். அது அப்பாவின் யோசனை. நாங்கள் 'மருத்துவக் கழிவு' என்று எழுதினோம். "ராத்திரி விடியறதுக்கு முந்தி இருட்டுல யாரு படிப்பா? கோடு போடு, தூரத்துலயே தெரியும்" என்றார்.

ஆறாவது வாரம் அவரே தடியை ஊன்றி வாசல்வரை நடந்தார், வண்டி வரும் நேரத்துக்கு. பொட்டலத்தை எங்களிடம் தராமல் தானே வைத்திருந்தார். பக்கத்துப் போர்ஷனில் வீட்டு ஓனரம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அக்கா வண்டியை நிறுத்தினார்.

"இந்தா சாமி, செவப்புக் கோடு போட்டது பிரிக்காத. வயித்துல ஆபரேசன், என்னோட பை அது. கழுவித்தான் இருக்குது, இருந்தாலும் பிரிக்காத" என்றார் அப்பா. ஓனரம்மாவுக்கும் கேட்கும் குரலில், "நானும் இதே நகராட்சியில முப்பத்தஞ்சு வருசம் சாக்கடை எடுத்தவந்தான்" என்றார்.

"அப்படிங்களாண்ணா? எந்த வார்டு?" என்று அந்த அக்கா கேட்டார். அவர்கள் பழைய மேஸ்திரிகளின் பெயர்களைச் சொல்லிப் பேசிக்கொண்டே நின்றார்கள். ஓனரம்மா கோலத்திலிருந்து நிமிரவில்லை. வாடகையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது.