நாளே பெயராய்

ஊருக்குப் பெயரிடுவோர் மலையையும் நீரையும் மன்னனையும் தெய்வத்தையும் நாடுவது வழக்கம். நாட்காட்டியை நாடியவர்களும் உண்டு. அர்ஜென்டினாவில் 'மே 25' என்பது ஊர்ப்பெயர். 1810-இல் புவெனஸ் அயர்ஸ் மக்கள் ஸ்பானிய அரசப் பிரதிநிதியை நீக்கித் தம் ஆட்சிக் குழுவை அமைத்த நாள் அது. உருகுவேயில் 'ஆகஸ்டு 25' என்றோர் ஊர் 1825-ஆம் ஆண்டின் விடுதலை அறிவிப்பைச் சுமந்து நிற்கிறது.

திருச்சபை மரபுக்கு இது அயலானதன்று. 1537 ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புத் திருநாளில் நிறுவப்பட்டதால் பராகுவேயின் தலைநகர் அசுன்சியோன் ஆயிற்று. ஆனால் அங்கே திருநாளின் பெயர் தங்கியது, எண் மறைந்தது.

நம் நாட்டில் எனக்கு நினைவுக்கு வருவது கோவாவின் பணஜி நகரம். அங்குள்ள பெரிய கடைவீதிக்கு 'ஜூன் 18 சாலை' என்று பெயர். 1946-இல் அந்நாளில்தான் மட்காவில் ராம் மனோகர் லோகியா சட்டமறுப்புக்கு மக்களை அழைத்தார். அதே நகரில் 'சனவரி 31 சாலை'யும் உண்டு. அது 1891-இல் போர்த்துகல் நாட்டின் போர்ட்டோவில் முடியாட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் நாள். 1961-இல் போர்த்துகீசியர் போயினர், பெயர் போகவில்லை. துணி வாங்க வருபவருக்குக் கிளர்ச்சி நினைவில் எழுமா என்ன? பழகிய பெயரிலிருந்து பொருள் மெல்லக் கழன்றுவிடுகிறது.

எங்கள் அம்மையார்குப்பத்துக்கும் அப்படியொரு நாள் உண்டு: 1960 ஏப்ரல் 1. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணி வட்டமும் அங்கே சேர்ந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் பட்டாஸ்கரின் நடுவத்துக்கும் பின், வட்டத்தின் பெரும்பகுதி அந்நாளில் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சிறை சென்றும் உயிர் ஈந்தும் பெற்ற நாள். ஆயினும் 'ஏப்ரல் 1' என்று இப்பக்கம் ஒரு தெருவுக்கும் பெயரிட்டதாக நான் கேட்டதில்லை.

இடாததே நன்று என்பேன். அதே நாளில் சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. இங்கே மீட்பின் நாள். அங்குள்ள தமிழருக்கு இழப்பின் நாள். எங்கள் தெருவிலேயே தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கையில், பெயர்ப்பலகை யார் பக்கம் பேசும்?

என் பாட்டி அந்த நாளை வேறு விதமாகப் புழங்கினார். பிள்ளைகளின் வயதைக் கேட்டால், மூத்தவன் "மதராசுல இருக்கச்சொல்ல" பிறந்தவன், அடுத்தவள் "ஆந்திராவுல இருக்கச்சொல்ல", கடைக்குட்டி "திரும்பி வந்தப்புறம்" என்பார். மூவரும் பிறந்தது ஒரே வீட்டில், தறிக்குழியை அடுத்த அறையில்.