கிராவல் குழியில் கொழுக்கட்டைப் புல்

சுரங்கம் தோண்டி முடித்தவர்கள், தாங்கள் குலைத்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிர்களும் தழைக்கத்தக்க நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைப் பத்திரிகையில் வாசித்ததுமுதல், அது நடைமுறையில் சாத்தியந்தானா என்ற ஐயம் எனக்கு இருந்துகொண்டே வந்தது. காங்கயம் பக்கத்தில் கால்நடை வைத்தியராயிருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, "விவாதம் எதற்கு? வந்து பாருங்கள்" என்று அழைத்துவிட்டார்.

அப்பிரதேசத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு தீர்ந்துவிடும். இத்தகைய சரளைப் பூமியில் உழவை மாத்திரம் நம்பி ஜீவிப்பது அரிது என்று தெளிந்த முன்னோர், கிளுவை வேலியால் நிலத்தை அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் பேணி, மாடுகளையும் செம்மறிகளையும் முறைவைத்து மேய்க்கும் கொரங்காடு என்னும் ஏற்பாட்டைக் கண்டனர். பிரசித்தி பெற்ற காங்கயம் காளைகள் இத்தகைய மேய்ச்சலை நம்பி வளர்ந்தவையே. ஆனால், கொரங்காட்டின் அடியில் கிடக்கும் கிராவல் சாலை போடவும் வீட்டுமனை நிரவவும் உதவும் என்பதே அதற்கு வினையாக முடிந்தது.

நண்பர் காட்டிய நிலம், தோண்டிக் கைவிட்டபின் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த ஒரு குழி. கருவேலத்தை வேரோடு பறித்ததும், செங்குத்தாய் நின்ற கரைகளை ஜேசிபி வைத்துச் சரித்ததும் நான் போகுமுன்பே முடிந்திருந்தன. மழைநீர் ஒரு மூலைக் குட்டைக்குச் சேரும்படி மட்டம் பார்த்த நுட்பம் எனக்கு விளங்கவுமில்லை. நான் கண்ணாரக் கண்டது வேலி நடும் வேலை.

அதைச் செய்தவர் எழுபது பிராயம் கடந்த பெரியவர். அவர் கையிலிருந்த ஆளுயரக் கடப்பாரையின் முனை தேய்ந்து மழுங்கியிருந்தது. பிடிக்கும் இடம் மட்டும் கண்ணாடிபோல் மினுங்கிற்று. ஓங்கிக் குத்தினால் சரளையில் பட்டு ணங்கென்று எகிறும். உடனே அவர் சிறிது தண்ணீர் விட்டுப் பொறுத்திருந்து, மறுபடி குத்தித் திருகி, முழ ஆழம் கண்டபின் கிளுவைப் போத்தை இறக்கி, பொடிமண் இட்டு, கடப்பாரையின் மறுமுனையால் சுற்றிலும் இடித்து இறுக்கினார். "அடியில காத்துப் புகுந்தா போத்து காஞ்சு போயிருமுங்க" என்றார்.

வாலிபத்தில் அவர் இதே வட்டாரத்தில் கிராவல் லாரிக்கு மண் ஏற்றியவர். "லாரிக்கு இத்தனைன்னு கூலிங்க. மேமண்ணு, அடிமண்ணுன்னு அன்னைக்கு யாருங்க பாத்தாங்க? வாரி ஏத்துனாத்தான் கஞ்சி" என்று, குற்ற உணர்வோ சமாதானமோ தொனிக்காத குரலில் சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்தார்.

விதைப்பு முறையையும் அவரே விவரித்தார். கொழுக்கட்டைப் புல்லின் மயிரடர்ந்த விதை காற்றில் பறந்துவிடுமாதலால், ஈரமண்ணும் சாணமும் சேர்த்துப் பிசறியே தூவுகிறார்கள். புதிதாய் உருவிய விதை சரியாக முளைக்காது. பல மாதம் கிடப்பில் இருக்க வேண்டும். ஆழத்தில் விழுந்தாலும் பயனில்லை. வேர் பிடித்து ஒருமுறை விதை உதிர்க்கும்வரை மாட்டை உள்ளே விடலாகாது. வெள்வேலுக்கோ நாற்றங்காலே வேண்டாம். அதன் காயைத் தின்ற செம்மறிகளைப் பட்டியில் அடைத்தால், புழுக்கையோடு விழும் விதை மழைக்கு முளைத்துக்கொள்ளும்.

முந்தின மழைக்கு விதைத்த பகுதியைப் பார்த்தபோது என் ஐயத்துக்கு விடை கிடைத்தது. ஒரு பாதியில் புல் முழங்கால் உயரத்துக்குத் தூர்கட்டி நின்றது. மறுபாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய கீற்றுகளே தென்பட்டன. விதையும் மழையும் ஒன்றே. முதற்பாதியில் மட்டும் மேல்மண் பரப்பியிருந்தார்கள். அந்த மேல்மண்ணும் யாரும் முன்யோசனையோடு ஒதுக்கிவைத்ததன்று. தோண்டிய காலத்தில் விலைபோகாமல் ஓரத்தில் தள்ளியது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கடனும் வறட்சியும் சேர்ந்து நெருக்கும் வேளையில் வந்து சேரும் தரகர், சம்சாரியிடம் மண்ணுக்கு ஒருமுறை பணம் கொடுத்து, அதை வேறொருவருக்கு மேல்விலைக்கு விற்று, அனுமதித்த ஆழத்துக்கு மேலும் தோண்டவிட்டு, குழியை மட்டும் உடையவனிடம் விட்டுச் செல்கிறார். மண் தரும் பணம் ஒரே முறை. புல்லோ வருஷந்தோறும் பாலும் உரமும் கன்றுமாகப் பலன் தருவது. இந்தக் கணக்கை அறியாதவன் சம்சாரி அல்லன். அவனைக் கணக்குப் பார்க்கவிடாத அவசரத்தை விற்றுப் பிழைப்பவர்களே அதை மறைக்கிறார்கள்.

நீதிமன்ற உத்தரவு நல்லதுதான். ஆயினும், புல் வளர்க்கும் காரியம் தோண்டி முடிந்த பிறகு அல்ல, முதல் லாரி வருமுன்பே தொடங்க வேண்டியது. ஆகவே, நிலத்தைக் குத்தகைக்கு விட்டே தீரவேண்டிய நிலையிலுள்ள சம்சாரிகளுக்கு என் விண்ணப்பம் இதுதான்: கையெழுத்திடுமுன், மேல் ஓரடி மண் உங்களுடையது, அதை ஓரமாகக் குவித்துவைத்த பின்னரே கிராவலில் கைவைக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.