பெயரின் வாலைப் பார்த்துவிட்டுத் திறப்போம்

 

இப்போதெல்லாம் பெற்றோரும் பழைய மாணவர்களும் போனை நீட்டி, "சேர், இந்த பைலைத் திறக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுத் திறப்பது நல்ல பழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. தலைப்பு "ஐ லவ் யூ". உள்ளே ஒரு காதல் கடிதம் இணைக்கப்பட்டிருப்பதாக ஒரு வரி. அந்தப் பைலின் பெயர் "லவ் லெட்டர் ஃபோர் யூ டொட் டிஎக்ஸ்டி டொட் விபிஎஸ்". விண்டோஸ் கணினி பைல் பெயரின் கடைசித் துண்டை மறைத்துத்தான் காட்டும். நாம் மாற்றி வைக்காவிட்டால் இன்றும் அப்படித்தான். அதனால் பார்த்தவர்களுக்கு டிஎக்ஸ்டி வரைதான் தெரிந்தது. வெறும் எழுத்துப் பைல் என்று நம்பித் திறந்தார்கள். மறைந்திருந்த விபிஎஸ்தான் வைரஸ்.

திறந்தவுடன் அது கணினியில் இருந்த படங்களையும் வேறு பல பைல்களையும் அழித்து, அவற்றின் இடத்தில் தன்னையே எழுதிக்கொண்டது. பிறகு அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தானாகவே தன்னை அனுப்பியது. சில நாட்களுக்குள் உலகெங்கும் பல மில்லியன் கணினிகளுக்குப் பரவியது. பிரித்தானியப் பாராளுமன்றமே தன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது.

ஒரு சின்னப் பைலுக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது? சாதாரணக் கடிதம் வாசிப்பதற்காக எழுதப்படுவது. ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கு எழுதப்பட்ட வேலைப் பட்டியல். காலையில் பெரட்டில் யார் எந்த மலைக்குப் போவது என்று வாசித்தால் ஆட்கள் அப்படியே கிளம்பிப் போவார்கள் அல்லவா, அதுபோல அந்தப் பட்டியலைக் கணினி வரிவரியாகச் செய்துவிடும். எழுதியது துரையா, திருடனா என்று அது கேட்காது. நாம் இரண்டு முறை கிளிக் செய்தாலே போதும், நாமே உத்தரவு கொடுத்ததாக எடுத்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு விஷயம் முக்கியம். அந்த மின்னஞ்சல் பெரும்பாலும் தெரிந்தவர்களின் பெயரில்தான் வந்தது. நண்பர் அனுப்பியிருக்கிறார், மேலதிகாரி அனுப்பியிருக்கிறார் என்று திறந்தார்கள். அனுப்பியவருக்கோ அப்படி ஒன்று தன் கணினியிலிருந்து போனதே தெரியாது. "தெரியாதவர் அனுப்பினால் திறக்காதே" என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாது என்பது இதனால்தான்.

அதன் பிறகு மின்னஞ்சல் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. 2017 பெப்ரவரியிலிருந்து ஜீமெயில் ஜேஎஸ் என்று முடியும் ஸ்கிரிப்ட் பைல்களையும் தடுக்கிறது. ஆனால் கள்ளன் வேறு வாசல் தேடுகிறான். கடவுச்சொல் போட்ட ஸிப் பைலுக்குள் ஒளித்து அனுப்புகிறான், அல்லது லிங்க் ஒன்றைக் கொடுத்து நம்மையே இறக்கிக்கொள்ளச் சொல்கிறான். வாட்ஸ்அப்பிலும் வருகிறது. இந்தியாவில் 2024இல் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே பைல்கள் அனுப்பப்பட்டு, பொலிஸார் மக்களை எச்சரித்தார்கள். ஏபிகே என்பது போனுக்குள் புகுந்து உட்காரும் செயலி. கல்யாணப் பத்திரிகை ஒருபோதும் ஏபிகேயாக வராது.

"இதெல்லாம் பெரிய இடத்துப் பிரச்சினை" என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் 2023 ஓகஸ்ட் மாதம் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையே பணம் பறிக்கும் வைரஸால் தாக்கப்பட்டது. சுமார் 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கு, இணையத்தோடு தொடுக்கப்படாத தனிப் பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்துக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

நம் டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடைகளை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வெளிநாடு போகும் தாய்மாரின் பாஸ்போட், வேலை விண்ணப்பம் எல்லாம் அங்கே உள்ள ஒரு கணினி வழியாகத்தான் போகின்றன. பாடசாலைக் கணினியில் பிள்ளைகளின் புள்ளிகளும் விபரங்களும் இருக்கின்றன. இவை நம்முடையவை அல்ல, மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த அமானிதம். ஓர் ஆள் அவசரத்தில் கிளிக் செய்தால் நூறு குடும்பங்களின் ஆவணங்கள் போய்விடும்.

ஆகவே இவற்றைச் செய்வோம்:

1. கணினியில் பைல் பெயரின் வால் தெரியும்படி வையுங்கள். போல்டரைத் திறந்து, மேலே "வியூ" என்பதில் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைத் தெரிவு செய்தால் போதும். பெயரில் பிடிஎப் என்று இருந்தாலும் கடைசியில் ஜேஎஸ், விபிஎஸ், டபிள்யூஎஸ்எஃப், ஈஎக்ஸ்ஈ என்று முடிந்தால் தொடாதீர்கள்.

2. கடை வைத்திருக்கும் தம்பிமாரே, ஜேஎஸ், விபிஎஸ் பைல்கள் நோட்பேடில் திறக்கும்படி மாற்றி வையுங்கள். தவறிக் கிளிக் பட்டாலும் எழுத்துதான் தெரியும், உத்தரவு ஓடாது.

3. எதிர்பாராத பைல் வந்தால், அனுப்பியவருக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். அதே மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுக் கேட்க வேண்டாம், பதில் சொல்வது கள்ளனாகவும் இருக்கலாம்.

4. முக்கிய ஆவணங்களை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து, கழற்றி, அலுமாரியில் வையுங்கள். கணினியிலேயே குத்தி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

5. திறந்துவிட்டால் மறைக்காதீர்கள். உடனே இணையத்தைத் துண்டியுங்கள், பென்டிரைவ் குத்தாதீர்கள், வேறு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள், உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கும் அறிவிக்கலாம்.

அந்தக் காதல் கடித வைரஸை எழுதிய இளைஞனைத் தண்டிக்க அன்று பிலிப்பைன்ஸில் சட்டம் இருக்கவில்லை. வழக்கு கைவிடப்பட்டது. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் அழிந்த பைலைச் சட்டம் திருப்பித் தராது.

வீட்டில் பிள்ளையின் போனை வாங்கித்தான் பலரும் மின்னஞ்சல் பார்க்கிறோம். பிள்ளை ஏதாவது திறந்துவிட்டேன் என்று வந்து சொன்னால் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை சொல்லாது. அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

பயனுள்ளது என்று நினைத்தால் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம்.

அன்புடனும் துஆக்களுடனும்,
உங்கள் ஊர் ஆசிரியர்