ஒற்றைச் செருப்பு!

எங்க ஆபீஸில் சிலர் ஸ்டாம்ப் சேர்க்கிறார்கள், பலர் கடன் சேர்க்கிறார்கள். நான் சேர்ப்பது செருப்பு! பதறாதீர்கள் சார், செருப்பு ஆர்க்கிட். குன்னூர் குளிருக்கு ஜோராக வளருது.

பூவின் ஓர் இதழ், செருப்பின் முன்பக்கம் மாதிரி குழிந்திருக்கும். உள்ளே விழுந்த பூச்சி வழுக்கி வழுக்கி, கடைசியில் பின்பக்கச் சந்து வழியே மகரந்தத்தைச் சுமந்துகொண்டுதான் வெளியேறணும். கூலியாகத் தேன்? ஒரு சொட்டு கிடையாது! (ஓவர்டைம் ஞாபகம் வருதா?)

இனம் கண்டுபிடிக்க முதலில் இலையைப் பாருங்கள். வெறும் பச்சையா, திட்டுத்திட்டா? அப்புறம் பூவின் நடுவில் உள்ள குட்டிக் கேடயம். அதன் வடிவம்தான் முக்கிய அடையாளம்.

தென்னிந்தியாவுக்கே சொந்தமான இனம் ஒன்று உண்டு. கர்னல் ட்ரூரி என்ற வெள்ளைக்காரர் பெயரால் 'ட்ரூரி'. மஞ்சள் பூ, நடுவில் பழுப்புக் கோடு. அகத்தியமலைப் பக்கம் மட்டுமே இருந்ததை, ஆசைப்பட்டவர்கள் பிடுங்கிப் பிடுங்கியே அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள்.

போன வருஷம் ஓர் ஆசாமி ஈரச் சாக்கைப் பிரித்து, "ட்ரூரி சார், மலைலேர்ந்து நேரா வருது" என்றார். வேரில் பாசிகூடக் காயவில்லை. கை துறுதுறுத்தது. சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும். என் தொட்டியில் ஒன்று கூடினால் மலையில் ஒன்று குறையுமே! வேண்டாம்னுட்டேன்.

லைசென்ஸ் உள்ள நர்சரியில், விதையிலிருந்து வளர்த்த கன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்து, வளர்ந்து, பூக்கச் சில வருஷமாகும்.

"ஒத்தைச் செருப்புக்கா இவ்வளவு நாள்?" என்கிறாள் சம்சாரம்.


ஆமாம். காட்டில் அதற்கு ஜோடி இருக்கட்டுமே!