சேம அச்சு

புறநானூற்றின் 102ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு சொல்லருகே நாம் சற்று நின்றுவிடுவது வழக்கம். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாடல் அது. உப்பு வணிகர் பாரம் ஏற்றி நெடுவழி புறப்படுங்கால், இடையில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். மன்னனின் துணைமையைச் சொல்ல வந்த உவமையே அது. ஆயினும் பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்குத் திரும்பும்போது நம் மனத்தில் நிற்பது மன்னன் அல்லன், அந்த அச்சே. அது வண்டி புறப்படும் முன்னரே கட்டப்பட்டுவிட்டது என்பதைக் கருத வேண்டும்.

ஆசிரியர் அறையில் இவ்வெண்ணம் எழுவதற்குக் காரணம் உண்டு. ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே தேநீரைப் பருகும் நாம், முதுமை என்னும் ஒன்றில் மட்டும் வேறு வேறு சாதியாராகி இருக்கிறோம். 2003 ஏப்ரல் 1க்கு முன்னர் அரசு உதவிபெறும் பணியிடத்தில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. அந்நாளிலிருந்து சேர்ந்தோருக்கு, ஊதியத்தில் பத்து விழுக்காட்டைத் தாமும் செலுத்தும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதனை மாற்றக் கோரி எத்தனையோ போராட்டங்கள் நடந்தன. இவ்விரு சாராருக்கும் அப்பால், எண்ணிக்கையில் மிகுந்தவர்களாய், சுயநிதிப் பிரிவு ஆசிரியர் இருக்கின்றனர். அவர்களுக்காகப் போராட்டம் நடத்துவார் இலர். இக்கட்டுரை பெரிதும் அவர்களை எண்ணியும், நாளை அவர்களைப் போலவே தனியார் பணிகளுக்குச் செல்லவிருக்கும் நம் மாணவச் செல்வங்களை எண்ணியும் எழுதப்படுவது.

சுயநிதிப் பிரிவில் பணியாற்றுவோர் பலரிடம், "உங்களுக்கு ஓய்வூதியம் உண்டா?" என்று வினவினால், "பி.எப். பிடிக்கிறார்கள் சார்" என்று விடை கூறுவர். வருங்கால வைப்பு நிதி வேறு, ஓய்வூதியம் வேறு என்பதை அவர்கள் அறிவதில்லை. பணியாளர் செலுத்தும் 12 விழுக்காடு முழுவதும் வைப்பு நிதிக்குச் செல்கிறது. நிறுவனம் செலுத்தும் பங்கிலிருந்துதான் 8.33 விழுக்காடு 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திற்குப் பிரிகிறது; அதற்கும் ஓர் ஊதிய வரம்பு உண்டு. 2014 செப்டம்பரில் விதிக்கப்பட்ட 15,000 ரூபாய் வரம்பின்படி கணக்கிட்டால், முப்பதாண்டுகள் இடையறாது பணியாற்றிய ஒருவருக்கு, இரண்டாண்டுச் சலுகையையும் சேர்த்துக்கூட, மாத ஓய்வூதியம் ஏழாயிரம் ரூபாயை எட்டுவதில்லை. பத்தாண்டுப் பணியேனும் நிறையாவிடின் அதுவும் இல்லை. நிலை இவ்வாறிருக்க, ஒரு கல்லூரியை விட்டு மற்றொரு கல்லூரிக்குச் செல்லும் இளையோர் முதற்காரியமாகச் செய்வது வைப்பு நிதியை முழுதும் எடுத்துவிடுவது. ஆறாண்டுகள் ஓரிடம், ஐந்தாண்டுகள் ஓரிடம் என உழைத்தவர், ஒவ்வொரு முறையும் கணக்கை முடித்துவிட்டால், பதினோராண்டுகள் உழைத்தும் பத்தாண்டு நிறையாதவராகவே நிற்பார். கணக்கை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எடுத்த பணத்தில் பெரும்பாலும் வாங்கப்படுவது இரு சக்கர வண்டி.

இனி, காலத்தைப் பற்றிய கணக்கைக் காண்போம். தமிழாசிரியருக்குக் கணக்கு எதற்கு என்று நகைக்க வேண்டா. பெருக்கல் அறிந்தால் போதுமானது. 72 என்னும் எண்ணை வளர்ச்சி விழுக்காட்டால் வகுத்தால், ஒரு தொகை எத்தனை ஆண்டுகளில் இரட்டிக்கும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். இத்தாலியரான லூக்கா பச்சோலி 1494இலேயே தம் கணித நூலில் இவ்விதியைக் குறித்துள்ளார். செல்வம் இரட்டிப்பதற்கு மட்டுமன்றி விலைவாசி இரட்டிப்பதற்கும் இது பொருந்தும். ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை ஏறுமாயின் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரு மடங்கு, இருபத்து நான்கு ஆண்டுகளில் நான்கு மடங்கு. இன்று முப்பத்தாறு வயதில் மாதம் 30,000 ரூபாயில் குடும்பம் நடத்தும் ஒருவர், அறுபதாம் வயதில் அதே எளிய வாழ்வை வாழ 1,20,000 ரூபாய் வேண்டும். மேலே சொன்ன ஏழாயிரத்தை இதன் அருகே வைத்துப் பார்த்தால் அச்சம் தோன்றும். அந்த அச்சம் நல்லது.

அதே காலம் நமக்குத் துணையாகவும் நிற்கும். மாதம் 2,000 ரூபாயை முப்பதாண்டுகள் இடையறாது முதலீடு செய்து, ஆண்டுக்குச் சராசரி 10 விழுக்காடு வளர்ச்சி கிட்டுவதாகக் கொண்டால், முடிவில் ஏறத்தாழ 45 இலட்சம் ஆகும். இருபதாண்டுகள் மட்டும் செய்தால் ஏறத்தாழ 15 இலட்சமே. கூடுதலாகப் போட்டது 2,40,000 ரூபாய். கூடுதலாகக் கிடைத்தது 30 இலட்சம். பிந்தித் தொடங்கியவர் முந்தியவரை எட்டிப் பிடிக்க வேண்டுமாயின், மாதம் 6,000 அளவில் செலுத்த வேண்டும். பத்து விழுக்காடு என்பது கணக்கிற்காகக் கொண்ட எண்ணே அன்றி எவரும் தரும் உறுதிமொழி அன்று. உறுதிமொழி தருபவரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

ஊதியம் உயர்ந்ததும் சேமிக்கலாம் என்பாரை நாம் இருபதாண்டுகளாகக் கண்டு வருகிறோம். ஊதியம் உயர்ந்ததும் வீட்டுக் கடன் வருகிறது, அதன்பின் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், அதன்பின் திருமணம். எப்போதும் முதுமை கடைசி வரிசையில் நின்று கை நீட்டுகிறது; அதன் முறை வரும்போது பை காலியாகிவிடுகிறது.

நம் ஊர்ப்பக்கம் கடல் கடந்து பொருள் ஈட்டியோரைச் சபுராளி என்பர். பயணத்தைக் குறிக்கும் சஃபர் என்னும் அரபுச் சொல்வழி வந்தது அது. நம் பெரியத்தா மலேசியாவில் முப்பதாண்டுகள் உழைத்த சபுராளி. ஊரில் மாடி வீடு எழுப்பினார். மூன்று பெண்மக்களை மணமுடித்துக் கொடுத்தார். உறவில் எவர் கேட்டாலும் இல்லை என்றதில்லை. அறுபது கடந்து திரும்பியபோது வீடு இருந்தது. அவ்வீட்டின் மின்கட்டணத்திற்கு மகன்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று திருமணங்களிலும் கைக்கூலியாகவும் விருந்தாகவும் சென்ற தொகையில் ஒரு பகுதி எஞ்சியிருப்பினும் அவர் தம் கையால் செலவு செய்து மறைந்திருப்பார். கைக்கூலி வாங்கலாகாது என்று மேடையில் பேசிவிட்டு, விருந்தின் அளவைக் கொண்டு குடும்பத்தின் மதிப்பை அளக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. பெரியோர்கள் பொறுத்தருள்க, ஓய்வூதியத்தைப் பற்றி எழுதும்போது இதனை எழுதாமல் கடக்க இயலவில்லை.

பெரியத்தா வாழ்ந்த அந்நாட்டிலேயே இதற்கு ஒரு விடை உருவாகியிருந்தது என்பது நாம் பிற்காலத்தில் படித்தறிந்தது. மலாய்க் கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்காகத் தலையணைக்கு அடியிலும் பெட்டியிலும் ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்தனர். போதாதபோது நிலத்தையும் கால்நடையையும் விற்றனர். கடமையை நிறைவேற்றித் திரும்பியபின் வறுமையில் வீழ்ந்தனர். வட்டிக்கு அஞ்சி அவர்கள் வங்கியை நாடவில்லை. இதனைக் கூர்ந்து ஆராய்ந்த பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ், 1959இல் அரசுக்கு ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதன் பயனாக 1963இல் தொடங்கிய நிறுவனமே இன்று தாபோங் ஹாஜி என வழங்குவது. சிறுகச் சிறுகச் செலுத்துவோரின் பணத்தை ஒன்றுதிரட்டித் தோட்டத் தொழில், கட்டடம், பங்குகள் முதலியவற்றில் ஈடுபடுத்தி, கிடைத்த இலாபத்தைப் பகிர்ந்தளிப்பது அதன் முறை. வட்டி வேண்டா என்ற மனச்சான்றும், பணம் வளர வேண்டும் என்ற தேவையும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டிற்று. அநாதைகளின் பொருளை முடக்கி வைக்காமல் வாணிபத்தில் இட வேண்டும் என்னும் அறிவுரை நம் மார்க்க மரபில் தொன்மையானதுதானே! வளராத பொருளை ஆண்டுதோறும் ஸகாத்தும் விலைவாசியும் குறைத்துக்கொண்டே செல்லும்.

அந்நிறுவனமும் இடறிய காலம் உண்டு. பொறுப்புகள் சொத்துகளை விஞ்சிய நிலையிலும் இலாபப் பங்கு வழங்கப்பட்டு வந்தது வெளிப்பட்டு, 2018 டிசம்பரில் 1,990 கோடி ரிங்கிட் மதிப்பில் அதன் சொத்துகளை அரசின் தனி நிறுவனம் ஒன்று எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அவ்வாண்டிற்கான பங்கு 1.25 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் கணக்கு வெளியே வந்தது, வைப்பாளரின் முதலுக்கு அரசு உறுதி இருந்தது, நிறுவனம் நிலைத்தது.

இங்கோ நிலைமை வேறு. 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. 'வட்டி இல்லை, ஹலால்' என்ற சொல்லை நம்பி, ஓய்வுபெற்றோர் தம் பணத்தையும் கைம்பெண்கள் தம் நகைப்பணத்தையும் கொட்டியிருந்தனர். மாதம் 3 விழுக்காடு தருகிறேன் என்று எவரேனும் வந்தால், 72ஐ 3ஆல் வகுத்துப் பாருங்கள்: இருபத்து நான்கு மாதங்களில் இரட்டிப்பு. எந்த நேர்மையான வாணிபம் ஆண்டுதோறும் தவறாமல் இதனைத் தரும்? இலாபத்தில் பங்கு என்பவன் நட்டத்திலும் பங்கு என்று சொல்ல வேண்டும். மாதந்தோறும் மாறாத தொகை தருபவன் வட்டிக்குத்தான் வேறு பெயர் சூட்டியிருக்கிறான். அல்லது பின்வந்தோர் பணத்தை முன்வந்தோர்க்குப் பகிர்கிறான். தாடியும் தொப்பியும் தணிக்கை அறிக்கைக்கு ஈடாகா.

நேர்வழி இல்லாமல் இல்லை. வட்டித் தொழில், மது, சூது முதலியவற்றில் ஈடுபடும் நிறுவனங்களையும் கடன் மிகுந்தவற்றையும் விலக்கிப் பங்குகளில் முதலீடு செய்யும் நிதியங்கள் 2009 முதல் நம் நாட்டில் உள்ளன. அவை செபியின் கட்டுப்பாட்டில் இயங்குவன. எனினும் பங்குகள் ஏறும், இறங்கும். 2008 சனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200 அளவுக்கு வீழ்ந்து, 2010 நவம்பரில்தான் பழைய உயரத்தைக் கண்டது. இடையில் அஞ்சி விற்றவர் நட்டப்பட்டார். மாதந்தோறும் செலுத்தியவர் மலிவில் வாங்கினார். ஆகவே ஐந்தாண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை அங்கே இடலாகாது. அறுபதை நெருங்க நெருங்கச் சிறுகச் சிறுக வெளியே எடுத்துத் தங்கம், வாடகை தரும் சிறு கடை என மாற்றிக்கொள்ள வேண்டும். தங்கம் என்றால் காசு. செய்கூலியும் சேதாரமும் போன நகை அன்று. கட்டாயமாகப் பிடிக்கப்படும் வைப்பு நிதியின் வளர்ச்சி குறித்து மார்க்க அறிஞரின் விளக்கங்கள் உள்ளன. ஐயமுடையோர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. ஐயத்தைக் காரணம் காட்டி ஒன்றுமே செய்யாதிருப்பதுதான் நம்மிடையே மிகுதி.

மற்றொன்று. சேர்த்த பணம் உரியவரைச் சேர, வைப்பு நிதிக் கணக்கில் நியமனம் பதிந்திருக்க வேண்டும். திருமணத்திற்கு முன் செய்த நியமனம், திருமணமானதும் செல்லாததாகிவிடும் என்பது விதி. புதிதாகப் பதிய வேண்டும். ஆதார் எண்ணும் குடும்பத்தாரின் நிழற்படமும் கையில் இருந்தால் இணையவழியே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சென்ற பருவ விடுமுறையில் நம் துறை நண்பர்கள் நால்வர் ஒருங்கே அமர்ந்து தத்தம் கணக்கைத் திறந்து பார்த்தனர். மணமாகிப் பத்தாண்டுகள் கடந்த இருவருடைய கணக்கில், எப்போதோ மறைந்துவிட்ட தந்தையாரின் பெயரே இருந்தது. மாலைக்குள் மாற்றிவிட்டனர்.