ரைட் எண்டும் 88 ஆம் இலக்கமும்

புறொக் பவர்ஸ் விளையாடின நேரம் எங்களுக்கு நித்திரை நேரம். ஜோர்ஜியாவில் சனி பின்னேரம் என்றால் இங்கே ஞாயிறு பிறந்துவிடும். போனைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு மூன்று பேர் பார்ப்போம். அமெரிக்கன் ஃபுட்போலின் விதிகள் விளங்கவே ஒரு மாதம் போச்சு.

ரைட் எண்ட் எண்டால் இரண்டு வேலை செய்யிற ஆள். ஒருதரம் வரிசையின் ஓரத்தில் நின்று தன்னைவிடப் பாரமான ஒருத்தனை முட்டித் தள்ளவேணும். அடுத்ததரம் அதே இடத்திலிருந்து ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கவேணும். ரீவியில் பிடிக்கிறதைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுவாங்கள். முட்டுறதை ஒருத்தரும் காட்டுறதில்லை.

கலிபோர்னியாவின் நாப்பாவில் இருந்து வந்த பவர்ஸ், 2021 இல் ஜோர்ஜியா பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார். முதல் வருடமே 13 தடவை பந்தைப் பிடித்து ரச்டவுன் எடுத்தார். அந்தப் பருவத்தின் இறுதியாட்டத்தில் அலபாமாவை 33–18 என்று வென்று, 41 வருடத்துக்குப் பிறகு ஜோர்ஜியா தேசிய சம்பியன் ஆனது. அடுத்த வருடமும் அவர்கள்தான். 2022 ஒக்டோபரில் புளோரிடாவுக்கு எதிராகப் பிடித்த பந்தை நாங்கள் எத்தனை தரம் பார்த்திருப்பம் என்று தெரியாது. எதிராளியின் கையில் தட்டுப்பட்டு, பவர்ஸின் கையிலும் நிற்காமல் துள்ளி, பிறகு ஒருமாதிரி அடங்கிச்சுது. 73 யார் ஓட்டம். பக்கத்து அறையில் ஆட்கள் எழும்பிற்றினம்.

2023 ஒக்டோபரில் வண்டர்பில்ட்டோடு விளையாடேக்க கணுக்காலில் காயம். சத்திரசிகிச்சை. பருவம் முடிஞ்சுது என்று நினைத்தோம். ஆனால் சத்திரசிகிச்சை நடந்து 26 ஆம் நாள் ஆள் மைதானத்தில்! ஓல் மிஸ்ஸுக்கு எதிராக ரச்டவுனும் எடுத்தார். விடியக்காலை நாங்கள் கைதட்டினோம்.

அந்த வருடம் சிறந்த கல்லூரி ரைட் எண்டுக்கான ஜோன் மெக்கி விருது இரண்டாம் தரமும் அவருக்கே கிடைத்தது. அதற்கு முதல் ஒருவரும் இரண்டு தரம் எடுத்ததில்லை. ஆர் இந்த மெக்கி என்று அப்பதான் தேடினோம்.

சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் ரைட் எண்ட். பிறகு பால்ரிமோர் கோல்ட்ஸ். வீரர் சங்கத்தின் தலைவராக இருந்து, வீரர்களின் உரிமைக்காக என்.எஃப்.எல் மீது வழக்குப் போட்டு வென்ற மனுசன். கடைசிக்காலத்தில் மறதிநோய். 2011 இல், 69 வயதில் இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருகிற சி.ரி.ஈ இருந்தது. நோய்வாய்ப்பட்ட பழைய வீரர்களைப் பராமரிக்கிற நிதித்திட்டத்துக்கு 88 என்று பெயர். அது அவர் போட்ட சேர்ட்டின் இலக்கம்.

அண்டைக்குப் பிறகு எங்களுக்குள் சண்டை. ஒருத்தி, "பிடிக்கிறதுக்கு விருது, முட்டினதுக்கு நிதித்திட்டம்" என்றாள். பள்ளிக்கூடத்தில் றகர் விளையாடினவனுக்குக் கோபம் வந்திட்டுது: "அவனவன் தெரிஞ்சுதானே விளையாடுறான்?" மெக்கிக்கு 1960களில் என்ன தெரிஞ்சிருக்கும் என்று கேட்டதற்கு அவனிடம் பதிலில்லை. எங்களிடமும் இல்லை.

மூன்று பருவம், 175 பிடிகள், 2,538 யார். பவர்ஸ் கல்லூரியை விட்டுப் போய், 2024 இல் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணி 13 ஆவது ஆளாக அவரைத் தெரிவுசெய்தது. நாங்கள் இன்னும் பார்க்கிறோம். இப்ப பந்து வேறு பக்கம் போகேக்கயும் அவர் ஆரோடு முட்டுறார் என்று கண் தேடுது. அவள் மட்டும் வாறதில்லை.