கடைசல் பட்டறையில் ஓர் அமானிதம்



கோவையில் நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு லேத் பட்டறையே வாழ்வாதாரம். பம்பு செட்டின் தண்டு, மோட்டாரின் மூடி, நூற்பாலை இயந்திரத்தின் உருளை என ஏதேனும் ஒன்றைக் கடைந்து கொடுத்து அன்றாடம் பிழைக்கும் சிறு பட்டறைகள் சந்துக்குச் சந்து உண்டு. மக்தபில் ஓதி முடித்துப் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் பலர் அங்குதான் தொழில் பழகுகின்றனர். ஹஜ்ரத் ஒரு வார்த்தை சொன்னால் பட்டறைக்காரர் சேர்த்துக்கொள்வார் என்று தாய்மார்கள் மகன்களை அழைத்து வருவது வழக்கம். அவ்வாறு நான் சேர்த்துவிடும் பிள்ளை என் பொறுப்பில் வந்த அமானிதம். ஆகவே அவன் நிற்கும் இயந்திரத்தைப் பற்றி அறிந்துகொள்வதும் ஓதிக் கொடுப்பவனின் வேலைதான் என்று கருதுகிறேன்.

என் மைத்துனரின் பட்டறையில் மூன்று லேத்துகள் இருக்கின்றன. மூன்றும் பழையவை, பெல்ட்டைப் படிப்படியான புல்லிகளில் மாற்றிப் போட்டு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டை நகர்த்த வேண்டும். இந்தச் சிரமம் தீர முதலில் ஒரு லேத்துக்கு விஎஃப்டி எனப்படும் டிரைவைப் பொருத்துவதென்று அவர் முடிவு செய்தார்.

டிரைவ் செய்யும் வேலை எளிதாகப் புரியக்கூடியது. நமக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. நான்கு துருவ மோட்டார் அதில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்றுச் சுற்றும். டிரைவ் அந்த மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றி, பிறகு நாம் விரும்பும் சுழற்சியில் மீண்டும் மாறுமின்னோட்டமாக்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. 25 ஹெர்ட்ஸ் கொடுத்தால் வேகம் ஏறத்தாழப் பாதி. ஒரு குமிழைத் திருகினால் போதும். பெரிய வட்டத் தகட்டின் முகத்தைக் கடையும்போது, டூல் நடுவை நோக்கிச் செல்லச் செல்ல வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். வெட்டு வழுவழுப்பாக வரும். ஆனால் வேகம் குறையும்போது மோட்டாரின் பின்புற விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும். மோட்டாரின் திறனும் அதே அளவில் குறையும். ஆகவே கனமான வெட்டுக்குப் பெல்ட்டையும் பேக் கியரையும் விட்டுவிட முடியாது. மறுபுறம், 50-க்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் சக்கு தாங்கும் வேகத்தைக் கடந்துவிடக்கூடும். வார்ப்பிரும்புச் சக்கு அந்நிலையில் உடைந்து சிதறவும் கூடும். அதனால் உச்ச வரம்பை டிரைவிலேயே பூட்டி வைக்க வேண்டும். இவையெல்லாம் பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் பொறுமையாக விளக்கியவை. வேலையை அறிந்தவர்.

ஆயினும் அவருடைய மதிப்பீட்டில் அவசர நிறுத்தப் பொத்தான் இல்லை. மைத்துனர் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை.

டிரைவ் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் மின்சாரம் போயிற்று. அந்த லேத்தில் நின்றவன் நான் சேர்த்துவிட்ட பத்தொன்பது வயதுப் பிள்ளை, அத்தா இல்லாதவன். சக்கு நின்றதும், காத்திருக்கும் நேரத்தில் அளவு பார்த்துவிடலாம் என்று வெர்னியரை எடுத்து ஜாப்பின் அருகே குனிந்திருக்கிறான். மின்சாரம் திரும்பியது. முன்னோக்கிச் சுழற்றும் சுவிட்ச் போட்டபடியே இருந்ததால் சக்கு தானாகவே சுற்றத் தொடங்கிவிட்டது. வெர்னியர் பறந்து சுவரில் மோதியது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பழைய ஸ்டார்ட்டர் இருந்தவரை இப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை. மின்சாரம் போனால் அதன் காயில் விட்டுவிடும். மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது. யாரும் கவனிக்காமலேயே அது இத்தனை ஆண்டுகள் காவல் காத்திருக்கிறது. டிரைவ் வந்ததும் ஸ்டார்ட்டரைக் கழற்றினார்கள். அதனுடன் அந்தக் காவலும் போய்விட்டது. மின்சாரம் வந்ததும் தானே ஓடலாமா, கூடாதா என்பதை டிரைவின் அமைப்பில் ஓர் எண் தீர்மானிக்கிறது. அதை யாரும் பார்த்திருக்கவில்லை.

அன்று மக்ரிபுக்குப் பிறகு அவனுடைய தாயார் மதரஸா வாசலுக்கு வந்தார். நூற்பாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். கோபப்படவில்லை. “ஹஜ்ரத், மெஷின் வேகமா ஓடுறதுக்குச் செலவு பண்ணியிருக்காங்க. நிக்கிறதுக்கு என்ன பண்ணியிருக்காங்க? எங்க மில்லுல ஒவ்வொரு மெஷின்லயும் செவப்புப் பொத்தான் இருக்கும்” என்றார்.

நான் மைத்துனரிடம் போய்ப் பேசினேன். “இருபது வருஷமா ஓட்டறேன் மச்சான், ஒண்ணும் ஆகல. ஆகணும்னு இருந்தா அது கத்ர்” என்றார். இத்தகைய பேச்சுக்கு ஒட்டகத்தைக் கட்டிவைக்கும் ஹதீஸைத்தான் எல்லோரும் நினைவூட்டுவார்கள். எனக்கு நினைவு வந்தது வேறொன்று. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் செல்பவர், பிறர்மீது பட்டுவிடாதபடி அவற்றின் கூர்முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. அம்பை எய்பவருக்கன்று, சும்மா எடுத்துச் செல்பவருக்குத்தான் அந்தக் கட்டளை. காயம் பட்ட பிறகு கத்ரைப் பேசலாம். முனையைப் பிடிப்பது அதற்கு முந்திய கடமை. மைத்துனர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எவ்வளவு ஆகும்னு கேளுங்க” என்றார்.

பொத்தான் சில நூறு ரூபாய்தான். செலவு அதைச் சரியாக இணைப்பதில் இருக்கிறது. டிரைவின் முகப்பில் ஏற்கெனவே ஒரு நிறுத்தப் பொத்தான் உண்டே என்று பலர் எண்ணுவர். அது அன்றாட நிறுத்தத்துக்கு உரியது. அவசரப் பொத்தான் மஞ்சள் பின்னணியில் காளான் தலையுடன் சிவப்பாக இருக்க வேண்டும். அழுத்தினால் உள்ளேயே பூட்டிக்கொள்ள வேண்டும். திருகி விடுவித்தாலும் இயந்திரம் ஓடிவிடக் கூடாது, தனியாகத் தொடக்கப் பொத்தானை அழுத்திய பிறகே ஓட வேண்டும். உள்ளே உள்ள தொடுப்பு எப்போதும் மூடியிருக்கும் வகையாக இருப்பது அவசியம். அப்போதுதான் ஒயர் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். பொத்தான் பழுதாகிப் பல மாதம் யாருக்கும் தெரியாமல் கிடக்காது.

மின்சாரத்தை மட்டும் வெட்டினால் சக்கு தன் கனத்தால் மேலும் பல வினாடிகள் சுற்றும். சட்டைக்கை சிக்கியவனுக்கு அந்த வினாடிகள் மிக நீளமானவை. ஆகவே பொத்தான் முதலில் டிரைவை விரைந்து நிறுத்தச் செய்கிறது. குறித்த நேரம் கழிந்ததும், டிரைவ் கேட்டாலும் கேட்காவிட்டாலும், டைமர் ரிலே வழியாகக் கான்டாக்டர் விழுந்து மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. விரைந்து நிறுத்தும்போது சக்கின் வேகம் மின்னாற்றலாக டிரைவுக்குள் திரும்பும். அதை எரித்துவிட ஒரு பிரேக் ரெசிஸ்டர் வேண்டும். அந்தக் கான்டாக்டர் டிரைவுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்சை வைத்து ஓடும்போது வெட்டினால் டிரைவே கெட்டுவிடக்கூடும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அந்த லேத்தின் சக்கு போல்ட்டில் பிணைக்கப்பட்டது. அடுத்த லேத்தின் சக்கோ மரையில் திருகி மாட்டியது. அதை மிக விரைவாக நிறுத்தினால் தண்டு நிற்க, சக்கு கழன்றுகொண்டே முன்னே வந்து விழும். அதற்கு நிற்கும் நேரத்தைக் கூடுதலாக வைத்திருக்கிறார்கள்.

பொத்தானை எங்கே வைப்பது என்பதை எலக்ட்ரீஷியன் முடிவு செய்யவில்லை. பிள்ளையே நின்று காட்டினான். வலக்கை சிக்கியதாகப் பாவித்து இடக்கையை நீட்டினான். இடக்கை சிக்கியதாக வைத்து முழங்காலால் தொட்டுப் பார்த்தான். சக்கைத் தாண்டி எட்ட வேண்டிய இடம் கூடாது என்பது அப்போது தெளிவாயிற்று. இரண்டு பொத்தான்கள் வைத்தார்கள். நான் ஜுப்பாவுடன் அருகில் போக முயன்றபோது, “ஹஜ்ரத், கையைச் சுருட்டிட்டு வாங்க, இல்ல தள்ளி நில்லுங்க” என்றான். என் மாணவன் என்னை அதட்டியதில் எனக்கு மகிழ்ச்சியே. தளர்ந்த சட்டைக்கை, தோளில் துண்டு, கையுறை மூன்றும் லேத்துக்கு ஆகாதவை. மதரஸாவிலிருந்து நேரே பட்டறைக்குப் போகும் பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டே போக வேண்டும் என்று இப்போது வகுப்பிலும் சொல்லி வருகிறேன்.

இவற்றையெல்லாம் பார்க்க வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரத்துக்குத் தடுப்பையும் மின்சக்தியைத் துண்டிக்கும் சாதனத்தையும் வலியுறுத்தியது. ஆனால் மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் குறைந்தது 10 பேர் வேலை செய்தால்தான் பொதுவாக அது பொருந்தியது. மூன்று பேர் வேலை செய்யும் சந்துப் பட்டறையில் முதலாளியின் தக்வாதான் ஆய்வாளர்.

பணத்துக்கு வட்டித் தவணையை நாடாமல் ஜமாஅத் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் பெற்றார் மைத்துனர். இரண்டு லேத்துகள் முடிந்துவிட்டன. காலையில் வேலை தொடங்குமுன் ஒருமுறை பொத்தானை அழுத்தி, நிற்கிறதா என்று பிள்ளைகள் சோதிக்கின்றனர். மூன்றாவது லேத்துக்கு டிரைவ் வாங்க இன்னும் பணம் சேரவில்லை. அது பழைய ஸ்டார்ட்டரிலும் பெல்ட்டிலும்தான் ஓடுகிறது. சிவப்புப் பொத்தானை மட்டும் சென்ற வாரமே பொருத்திவிட்டார்கள்.